கன்வெர்ட்டரில் சிக்கிய புல்

சிவக்குமார் காரை என் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி, இறங்காமல் ஹாரன் அடித்தார். பத்தடி தூரத்தில் நான் நிற்கிறேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அடிக்கிறார். பொதுவாகவே காலை பத்து மணிக்கு முன்னால் எனக்கு யாரையும் பிடிக்காது. பத்து மணிக்கு அப்புறம் கொஞ்சம் பேரைப் பிடிக்கும். அந்தக் கொஞ்சம் பேரில் சிவக்குமார் எந்த மணிக்கும் கிடையாது.

போடிமெட்டு ரோட்டில், மேல் வளைவுகளை ஒட்டிய சரிவில் அவருக்கு ஒரு ஏலத்தோட்டம் இருக்கிறது. கார் பதினெட்டு வருஷத்துப் பழைய பெட்ரோல் கார். புதுசு வாங்க வக்கில்லாமல் இல்லை. அந்தக் கார் வீட்டுக்கு வந்த வருஷம்தான் ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்ததாம், ராசியான வண்டியாம். அதனால் விற்கவும் மாட்டார், அதற்குச் செலவு செய்யவும் மாட்டார்.

"தங்கபாண்டி, கன்வெர்ட்டரக் கழட்டிட்டு நேர்க்குழாய் ஒண்ணு வச்சு வெல்டிங் போட்டுரு. மேட்டுல வண்டி இழுக்கவே மாட்டேங்குது. மூணு மணிக்கு எனக்கு ஒரு சோலி இருக்கு, அதுக்குள்ள வேணும்," என்றார்.

கன்வெர்ட்டர் என்பது என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே, காருக்கு அடியில் தொங்குகிற இரும்புப் பெட்டி. உள்ளே தேனடை மாதிரி சின்னச் சின்னத் துளைகள். என்ஜின் கக்குகிற நச்சுப் புகையை எரித்துக் கொஞ்சம் யோக்கியமாக்கி வெளியே அனுப்புவது அதன் வேலை. வயதான வண்டிகளில் அந்தத் துளைகள் அடைத்துக்கொள்ளும். வண்டி மேடேறத் திணறும்.

"அதக் கழட்டக் கூடாதுங்க. புகை டெஸ்ட்டுல மாட்டிக்குவீக. புதுசா ஒண்ணு மாத்திருங்க," என்றேன்.

"சட்டம் படிக்க ஒங்கிட்ட வரல. சொன்னதச் செய்யி. கழட்டுனத என் கையில கொடுத்துரணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கழற்றிய பெட்டி மெக்கானிக்குக்கு என்பது எங்கள் தொழிலில் எழுதாத வழக்கம். உள்ளே தேனடையில் பூசியிருக்கிற பிளாட்டினத்துக்காக மதுரையிலிருந்து ஆள் வந்து விலை கொடுத்து வாங்கிப்போவான். வண்டிக்காரர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன், இதையும் மோப்பம் பிடித்துவிட்டாரே என்று நினைத்தேன்.

"பொட்டி எங்களுக்கு. அதான் வழக்கம்."

"வண்டி என்னுது, பொட்டியும் என்னுது. வேணும்னா கூலியச் சேத்து வாங்கிக்க."

கூலியைச் சேர்த்து வாங்கிக்கொள் என்று சிவக்குமார் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்கு யோசனை வராது. வண்டியைக் குழி மேல் ஏற்றினேன். அவர் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஒனக்கு ஒரு நல்ல சேதி சொல்லவா?" என்றார். "மூணு மணிக்கு பாரஸ்ட் ரேஞ்சர் ஆபீசுல கன்னையன் கையெழுத்துப் போடுறான். காட்டுல தீ வச்சது அவன்தான்னு. ஒனக்குப் பாலு குடிச்ச மாதிரி இருக்குமே."

கன்னையன் என் தங்கை தேவியின் புருஷன். சிவக்குமார் தோட்டத்துக் காவலாள், கேட்டை ஒட்டி, தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிவிட்ட லயத்து வீட்டில் குடியிருப்பு. எனக்கும் அவனுக்கும் ஆறு வருஷமாக முகத்தில் முழிக்கிற வழக்கம் இல்லை. அவன் மகளுக்குக் காதுகுத்து வைத்தான். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? பட்டுப்பாவாடை, கம்மல், தேங்காய், பழம் என்று ஏழு தட்டு, மேளத்தோடு போய் இறங்கினேன். பிள்ளை சிவக்குமார் மடியில் உட்கார்ந்திருந்தது. "மொதலாளி ஆசப்பட்டாரு, நீ பக்கத்துல நில்லு," என்றான் கன்னையன். சொந்தக்காரர்கள் முன்னால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னான். தட்டு ஏழையும் அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கி வந்தேன். அவன் வீட்டில் இழவு விழுந்தாலும் போக மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அப்புறம் இந்த வருஷம் மாசிக் கடைசியில் தோட்டத்து கேட்டுக்கு வெளியே தீப்பிடித்தது. காட்டுச்சரிவு எரிந்து, பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு ஏக்கர் ஏலச்செடியும் கருகிப்போனது. கன்னையன் பீடி குடிக்கிறவன், நான் எத்தனையோ தடவை கண்டித்தேன் என்று சிவக்குமார்தான் ரேஞ்சரிடம் சொன்னார். கேஸ் கன்னையன் மேல் விழுந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும் என்று நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

குழிக்குள் இறங்கினேன். போல்ட் நாலும் துருவேறிக் கல்லாக இறுகியிருந்தன. ஆயில் ஊற்றி ஊறவிட்டு, கேஸ் வைத்துச் சூடு காட்டியதில் மூன்று திரும்பின. நாலாவது தலை உடைந்தது, கிரைண்டரால் அறுத்தேன். சென்சார் வயரைப் பிடுங்கப் போனால் அதன் மேலுறை உருகி வழிந்து கெட்டியாகியிருந்தது. லைட்டை மேலே திருப்பினேன். காரின் அடிப்பக்கம் முழுக்க பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக வெடித்திருந்தது.

பெட்டியை இறக்கிப் புரட்டினேன். பெட்டிக்கும் அதைத் தாங்குகிற பட்டைக்கும் நடுவில் ஒரு பிடி புல் சிக்கியிருந்தது. பாதி கரி, பாதி வைக்கோல் நிறம். சரிவில் இடுப்புயரம் வளர்ந்து காய்ந்து நிற்குமே, அந்த மலைப்புல். போடித் தெருவில் அது முளைக்காது.

தீப்பிடித்த அன்றைக்கு வண்டி மலையேறவே இல்லை, போடி வீட்டு வாசலில்தான் நின்றது என்று சிவக்குமார் சொன்னது ஊருக்கே தெரியும். அவர் எப்போதும் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரப் புல்லில்தான் காரை விடுவார் என்பதும் தெரியும். மேடேறிய வண்டியில் அந்தப் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். காய்ந்த புல்லுக்குத் தீக்குச்சி தேவையில்லை. தீ என்றால் யாரோ ஒருத்தன் பீடியைத் தேடுவதே எங்கள் ஊருக்குப் பழக்கம். காருக்கு அடியில் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.

புல்லைக் கண்டதில் முதலில் எனக்கு வந்தது குஷிதான், மொதலாளி மாட்டினார் என்று. அடுத்த நிமிஷம் பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பெட்டிக்கு அடியில் ஒரு தகடு இருக்க வேண்டும். பெட்டி எவ்வளவு கொதித்தாலும் தரையில் சூடு படாமல் மறைப்பதற்காகவே வண்டியோடு வருகிற தகடு. அது இல்லை. தை மாசம் அதைக் கழற்றியது நான்.

மலை ரோட்டில் ஓடுகிற வண்டிகளில் அந்தத் தகடு நாள்பட லொடலொடவென்று ஆடத் தொடங்கிவிடும். ஒழுங்காக வெல்டு வைத்துக் கட்ட அரைநாள் ஆகும். பிய்த்து எறிய ஐந்து நிமிஷம். எனக்குத் தெரிந்து போடியில் எல்லோரும் பிய்த்துத்தான் எறிகிறோம். லொடலொட நின்றதும் வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே போவார். இருபது வருஷத்தில் எத்தனை தகடு எறிந்தேன் என்று எனக்கே தெரியாது. தகட்டைக் கழற்றிய அன்றைக்கே ஒரு ஸ்பார்க் பிளக் சரியாக அடிக்கவில்லை, எரியாத பெட்ரோல் பெட்டிக்குள் போய் அங்கே எரிகிறது, மாற்றுங்கள் என்று சிவக்குமாரிடம் சொன்னேன். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார். நானும் சரி என்று வண்டியைக் கொடுத்து அனுப்பினேன்.

பெட்டியோடு மேலே ஏறி அவர் முன்னால் நின்றேன்.

"அன்னைக்கு மேல போயிருக்கீக."

அவர் என்னைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்தார். காலை இறக்கி நேராக உட்கார்ந்தார்.

"அதத் தட்டிவிட்டுட்டு பொட்டிய டிக்கில வையி."

"கன்னையன் பீடி குடிச்சு எரிஞ்சுச்சுன்னு சொன்னீக."

"ஒனக்கென்ன திடீர்னு மாப்ள பாசம் பொங்குது? அவன ஆகாதுன்னுதானே ஒங்கிட்ட வந்தேன்? இங்கரு, அவனுக்கு வக்கீல் வைக்கிறதும் நான், அபராதம் கட்டுறதும் நான். லயத்து வீட்டுல பொண்டாட்டி புள்ளையோட அவன் பாட்டுக்கு இருந்துக்கலாம். அவனே ஒத்துக்கிட்டான். நடுவுல நீ யாருய்யா?"

"வெளிய சொன்னா?"

"போய்ச் சொல்லு," என்றார், ரொம்ப நிதானமாக. "ரேஞ்சரு மொதக் கேள்வி என்ன கேப்பான்? தகடு எங்கம்பான். கழட்டுனது யாருன்னு நான் சொல்லுவேன். எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும், மெக்கானிக்கு சொன்னான், கேட்டேன். அப்புறம் இந்தப் போடியில எவன் வண்டிய ஒங்கிட்ட விடுவான்?"

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் டிக்கியைத் திறந்து பெட்டியை உள்ளே வைத்தேன். புல்லை மட்டும் தட்டிவிடவில்லை, அதுவும் தைரியத்தால் இல்லை, கை வரவில்லை. குழாயை அளந்து வெட்ட ஆரம்பித்தேன். கையெழுத்துப் போடுகிறவன் அவன், வாங்குகிறவர் இவர், எனக்கென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காதுகுத்தை நினைத்துக்கொண்டேன். நினைத்தால் இன்னும் எரிந்தது, அது வசதியாக இருந்தது.

ஒன்றரை மணிக்கு சிவக்குமார் கன்னையனுக்குப் போன் போட்டார். எனக்குக் கேட்கட்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே, கெளம்பிட்டியா?"

"கெளம்பிட்டேங்க மொதலாளி. ஜீப்புக்கு நிக்கிறோம்." கன்னையன் குரல்தான். ஆனால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "மொதலாளி, சட்ட நல்லதா ஒண்ணும் இல்ல. இதோடயே வரலாங்களா?"

"ஒனக்கென்ன கல்யாணமா? வாடா."

"சரிங்க. அவுக எழுதுனத வாசிச்சுக் காட்டுவாங்களா, இல்ல அப்படியே போட்டுறணுங்களா?"

"அப்படியே போடு. வெரசா வந்து சேரு."

சிவக்குமார் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார். எனக்கு அந்த ஆளை அங்கேயே குழிக்குள் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. ஆறு வருஷமாக நான் வெறுத்த கன்னையன் நெஞ்சை நிமிர்த்தி "பக்கத்துல நில்லு" என்று சொன்னவன். அவன் ஒருநாள் என் முன்னால் குனிய வேண்டும் என்று ஆசைப்பட்டது உண்மைதான். ஆனால் அவன் குனிய வேண்டியது என் முன்னால். இவர் முன்னால் இல்லை. இந்தச் சட்டையோடு வரலாமா என்று கேட்டுக்கொண்டு, என் கை பிய்த்து எறிந்த தகட்டுக்காக ஒருத்தன் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறான். இதை எப்படி ஜீரணிப்பது?

குழாயைக் கீழே போட்டேன். டிக்கியைத் திறந்து பெட்டியை எடுத்துச் சாக்குப்பைக்குள் வைத்தேன். ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"டேய், என்னடா பண்ணுற?" சிவக்குமார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

என் இன்னொரு கையில் ஸ்பேனர் இருந்தது. ஓங்கவில்லை, இருப்பதை அவர் பார்க்கும்படி மட்டும் பிடித்தேன்.

"கைய எடுங்க."

"ஒன் தொழிலு நாசமாப் போயிரும்டா."

"போகட்டும். நீங்க சேர்லயே உக்காந்திருங்க. வண்டியத் தொட்டீகன்னா மரியாத கெட்டுரும்."

பைக்கில் சாக்கைக் கட்டிக்கொண்டு போனேன். இடையில் ஒரு டீக்கடையில் நிறுத்தி டீ குடித்தேன். வீரமாக நேரே போனேன் என்று சொன்னால் அது பொய். குடித்து முடித்து இன்னொரு டீயும் சொன்னேன். இருபது வருஷம் கட்டின பெயர், இன்னும் அரைமணி நேரத்தில் என் வாயாலேயே போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டே பைக்கை எடுத்தேன்.

ரேஞ்சர் ஆபீஸ் வராண்டாவில் கன்னையனும் தேவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னையன் இளைத்துப்போயிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் கறுத்தது.

"வந்துட்டியா? வா, நல்லாப் பாரு. போட்டோ வேணும்னா எடுத்துக்க."

எனக்கும் சுருக்கென்று ஏறியது. அப்படியே திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தேவி என் சாக்குப்பையைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

ரேஞ்சர் மேஜையில் எழுதின தாள் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் பெட்டியை வைத்தேன்.

"சார், இது சிவக்குமார் கார்ல இன்னைக்குக் கழட்டுனது. சிக்கியிருக்க புல்லப் பாருங்க. வண்டி என் குழி மேல நிக்குது, அடிப்பக்கம் வெந்து கெடக்கு. சாவி இந்தா இருக்கு. இதுக்கு அடியில ஒரு தகடு இருந்துச்சு, இருந்திருந்தா தீயே பிடிச்சிருக்காது. அதத் தை மாசம் கழட்டி எறிஞ்சது நான்தான்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரேஞ்சர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவை சொன்னேன். அவர் புல்லைப் பென்சிலால் தொட்டுப் பார்த்தார்.

"இது வேற என்னைக்காவது கூட சிக்கியிருக்கலாமேய்யா," என்றவர் கன்னையனைப் பார்த்தார். "நீதானே கேட்டு காவல்? அன்னைக்கு அந்தக் காரு வந்துச்சா, வரலையா?"

கன்னையன் தரையைப் பார்த்தான்.

"வரலீங்க."

"வந்துச்சு சார்," என்றாள் தேவி. "பதினோரு மணிக்கு வந்தாரு. கருப்பட்டிக் காப்பி கேட்டாரு, நான்தான் போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு அவரு வண்டிய எடுத்துட்டு மல எறங்கிப் போயி கால்மணி நேரம் இருக்காது, வண்டி நின்ன எடத்துல பொக வந்துச்சு. இவருக்கும் தெரியும். வீடு போயிரும்னு வாய மூடிட்டாரு. என்னையும் மூடச் சொன்னாரு."

ரேஞ்சர் எழுதின தாளை எடுத்து மடித்து இழுப்பறையில் போட்டார். புதுத் தாள் எடுத்தார். என்னிடமும் தேவியிடமும் எழுதி வாங்க ஒருமணி நேரம் ஆனது. விசாரணைக்குக் கூப்பிடும்போது வர வேண்டும், உன் மேலேயும் கேஸ் வரலாம் என்று என்னிடம் சொன்னார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வராண்டாவில் கன்னையன் என் கன்னத்தில் அறைந்தான். காது அடைத்துக்கொண்டது.

"யாரு ஒன்னயக் கூப்பிட்டா? ராத்திரி எங்க படுப்போம்? சாமான எல்லாம் ரோட்டுல தூக்கி எறிவான். ஒன் தங்கச்சியும் எம்புள்ளயும் எங்க போகும்? சொல்லு!"

நான் திருப்பி அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன், கை எழும்பியது. தேவி நடுவில் வந்து நின்றாள். அவள் என்னைத்தான் பார்த்தாள், அவனை இல்லை.

"வாங்கிக்கண்ணே," என்றாள். "ஒன்றர மாசமா இந்த ஆளு யாரையும் நிமிந்துகூடப் பாக்கல."

கன்னையன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. நான் கொஞ்சம் தள்ளி அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறு பெஞ்சு இல்லை. என் வீட்டு மாடியில் ஒரு ரூம் சும்மா கிடக்கிறது, அதைச் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. அறைந்தவனிடம் உடனே எப்படிச் சொல்வது?

"அந்தத் தகடு அம்புட்டு முக்கியம்னா அத எதுக்குக் கழட்டுன?" என்று கேட்டான், என்னைப் பார்க்காமல்.

ரேஞ்சர் கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. இதற்கு ஒரு பதில்தான் இருந்தது, அதைச் சொல்ல நாக்கூசியது.

"சத்தம் போட்டுச்சு."

கன்னையன் திரும்பி என்னைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"நான் ஒரு சத்தமும் போடலியே மச்சான்," என்றான். "என்னய எதுக்குக் கழட்டி எறிஞ்சாக?"